ரோம் வரலாற்றைச் சான்றுகளோடு படிப்பது எப்படி

ரோம் வரலாற்றைப் படிக்க உட்காருகிறவர்களில் பலர் ரோமுலஸில் தொடங்கி, ஏழு மன்னர்கள், கார்த்தேஜுடன் நடந்த போர்கள் என்று வரிசையாக நகர்ந்து, குடியரசு ஆட்டம் காணும் கட்டத்துக்கு வரும்போது களைத்துப்போய் நிறுத்திவிடுகிறார்கள். படிப்பு சூடுபிடிக்க வேண்டிய இடமே அதுதான். அதனால் தொடங்கும் இடத்தை மாற்றுங்கள்.

மரபுப்படி ரோம் நகரம் உருவான ஆண்டு கி.மு. 753. அந்தக் கதையை நமக்கு விரிவாகச் சொல்லும் லிவி, முதல் பேரரசர் ஆகஸ்டஸ் காலத்தில், ஏழு நூற்றாண்டு கழித்து எழுதியவர். ரோமானியர்களில் முதன்முதலில் வரலாறு எழுதியவராக அறியப்படும் ஃபேபியஸ் பிக்டரே கி.மு. 200-ஐ ஒட்டி வாழ்ந்தவர்தான். ஆக, முதல் ஐந்நூறு ஆண்டுகளுக்கு, அந்தந்தக் காலத்தில் வாழ்ந்த ரோமானியர் எழுதிய வரலாறு ஒன்றுகூட நம் கையில் இல்லை. எது மரபு, எது நடந்தது என்று பிரித்துப் பார்க்கப் பழகாத ஒருவர் அங்கே தொடங்கினால் எல்லாவற்றையும் நம்புவார். இல்லையென்றால் எதையுமே நம்பமாட்டார்.

கி.மு. 133 முதல் கி.பி. 14 வரையிலான ஒன்றரை நூற்றாண்டை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். நிலச் சட்டம் கொண்டுவந்த டைபீரியஸ் கிராக்கஸ் கொல்லப்பட்டதில் தொடங்கி ஆகஸ்டஸ் இறப்பதோடு முடியும் காலம் இது. அரசியல்வாதியும் பேச்சாளருமான சிசரோவின் கடிதத் தொகுப்பில் 900-க்கும் மேற்பட்ட கடிதங்கள் இருக்கின்றன. அவற்றில் பல வெளியிடும் நோக்கமே இல்லாமல் எழுதப்பட்டவை. சீசர் தன் போர்களைத் தானே எழுதியிருக்கிறார். ஆட்சியைக் கவிழ்க்கக் கேட்டிலின் செய்த சதியை அதே தலைமுறையைச் சேர்ந்த சல்லஸ்ட் எழுதியிருக்கிறார். ஆகஸ்டஸ் தன் சாதனைகளைத் தானே பட்டியலிட்டு வெண்கலத்தில் பொறிக்கச் சொன்னார். அதன் படி அங்காராவில் ஒரு கோயில் சுவரில் இன்றும் இருக்கிறது. பண்டைக் காலத்தில் இவ்வளவு நெருக்கமாகப் பார்க்க முடிகிற காலப்பகுதி அரிது. இதில் கால் ஊன்றியபின் முன்னோக்கிப் பேரரசுக்கும், பின்னோக்கி ஆரம்ப காலத்துக்கும் போகலாம்.

ஒரு தாள் காலவரிசை

முதல் வேலை ஒரே ஒரு தாள். அதில் இந்த ஆண்டுகள் மட்டும் இருக்கட்டும்: கி.மு. 509 (மன்னராட்சி முடிவு, மரபுப்படி), 264–146 (கார்த்தேஜுடன் நடந்த மூன்று பியூனிக் போர்கள்), 133, 49 (சீசர் இத்தாலிக்குள் படையோடு நுழைவது), 44 (சீசர் கொலை), 31 (ஆக்டியம் போர்), 27 (ஆகஸ்டஸ் என்ற பட்டம்). கி.பி. 14, 69 (ஒரே ஆண்டில் நான்கு பேரரசர்கள்), 117 (டிராஜன் இறப்பு), 212 (பேரரசின் சுதந்திர மக்கள் ஏறக்குறைய அனைவருக்கும் குடியுரிமை), 235–284 (மூன்றாம் நூற்றாண்டு நெருக்கடி), 330 (புதிய தலைநகர் கான்ஸ்டான்டிநோபிள்), 395 (பேரரசு கிழக்கு, மேற்கு எனப் பிரிவது), 476 (மேற்குப் பேரரசின் முடிவு). ஒவ்வொன்றுக்கும் எதிரே 'இதற்கு முன் எது சாத்தியமாக இருந்தது, இதற்குப் பின் எது முடியாமல் போனது' என்று ஒரே வரி எழுதுங்கள். அந்த வரியை எழுத முடியவில்லை என்றால் அந்த ஆண்டு உங்களுக்கு இன்னும் வெறும் எண்தான்.

ஆண்டுக் கணக்கில் சறுக்கும் இடங்கள் மூன்று. முதலாவது, பூஜ்ய ஆண்டு கிடையாது, கி.மு. 1-க்கு அடுத்தது கி.பி. 1. ஆகஸ்டஸ் பிறந்தது கி.மு. 63 செப்டம்பர் 23, இறந்தது கி.பி. 14 ஆகஸ்ட் 19. 63-ஐயும் 14-ஐயும் கூட்டி 77 என்பார்கள். ஒன்றைக் கழித்தால் 76. அந்த ஆண்டின் பிறந்தநாள் வருவதற்குள் இறந்துவிட்டதால் வயது 75.

இரண்டாவது, தொடக்க கால ஆண்டுகளே ஆடக்கூடியவை. கால் (Gaul) என்ற கெல்ட்டிய இனத்தவர் ரோமைக் கைப்பற்றியது மரபுக் கணக்கில் கி.மு. 390, கிரேக்க வரலாற்றாசிரியர் பாலிபியஸ் பிற நிகழ்ச்சிகளோடு பொருத்திச் சொல்லும் கணக்கின்படி 387 அல்லது 386. புத்தகத்துக்குப் புத்தகம் ஆண்டு மாறினால் அச்சுப்பிழை என்று முடிவுகட்டாமல், எந்தக் கணக்கு என்று பாருங்கள்.

மூன்றாவது, தேதி. ரோமானியர்கள் மாதத்தின் முதல் நாள், 5 அல்லது 7-ஆம் நாள், 13 அல்லது 15-ஆம் நாள் ஆகிய மூன்று புள்ளிகளிலிருந்து பின்னோக்கி எண்ணினார்கள். எண்ணும்போது இரு முனைகளையும் சேர்த்துக்கொள்வார்கள். 'செப்டம்பர் முதல் நாளுக்கு முன் ஒன்பதாம் நாள்' என்றால் செப்டம்பர் 1-ஐயே ஒன்று என்று வைத்து, ஆகஸ்ட் 31 இரண்டு, 30 மூன்று என்று இறங்கினால் ஆகஸ்ட் 24. கி.பி. 79-ல் வெசூவியஸ் வெடித்த நாளாக, இளைய பிளினியின் கடிதத்தின் ஒரு கையெழுத்துப் பிரதி மரபு தருவது இதுவே. ஆனால் 2018-ல் பாம்பேயில் ஒரு வீட்டுச் சுவரில் கரித்துண்டால் எழுதிய வரி கிடைத்தது. அதில் 'நவம்பர் முதல் நாளுக்கு முன் பதினாறாம் நாள்', அதாவது அக்டோபர் 17, என்று இருக்கிறது. கரி எழுத்து நீண்ட நாள் நிற்காது. ஆகவே எரிமலை வெடித்தது அதற்குப் பிறகுதான் என்பது ஒரு வாதம். வரியில் ஆண்டு இல்லையே, முந்தைய ஆண்டில் எழுதியதாக இருக்கலாமே என்பது எதிர்வாதம். இந்தக் கணக்கை ஒருமுறை விரல்விட்டு நீங்களே போட்டுப் பாருங்கள். 'ஆகஸ்ட் 24' என்று இனி எங்கே படித்தாலும் அது எதன்மேல் நிற்கிறது என்று தெரிந்திருக்கும்.

இன்னொன்று: சீசரின் நாட்காட்டித் திருத்தம் கி.மு. 45-ல் நடைமுறைக்கு வந்தது. பருவங்களோடு கணக்கை ஒட்டவைக்க அதற்கு முந்தைய ஆண்டை 445 நாள் ஆக்கினார்கள். கி.மு. 46-க்கு முன்னால் நூல் 'ஜனவரி' என்றால் வெளியே பருவம் ஜனவரியாக இருந்தது என்று நினைக்க வேண்டாம்.

பெயரும் பதவியும்

ஒரே பெயரில் பலர் வருவதுதான் புதியவர்களை அதிகம் குழப்புகிறது. பெயரின் அமைப்பு தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும். பப்ளியஸ் கொர்னேலியஸ் சிப்பியோ என்பதில் முதலாவது தனிப்பெயர், இரண்டாவது குலப்பெயர், மூன்றாவது குலத்துக்குள் கிளையின் பெயர். புழக்கத்தில் இருந்த தனிப்பெயர்கள் இருபதைக்கூடத் தாண்டாது. ஆகவே தனிப்பெயரை வைத்து ஆளை அடையாளம் காண முடியாது. மகளுக்குக் குலப்பெயரின் பெண்பால் வடிவம்: கொர்னேலியஸின் மகள் கொர்னேலியா, அவள் தங்கையும் கொர்னேலியா. விடுவிக்கப்பட்ட அடிமை தன் உரிமையாளரின் முதலிரண்டு பெயர்களை எடுத்துக்கொள்வார். சிசரோவின் செயலர் டைரோ விடுதலைக்குப் பின் மார்க்கஸ் டுல்லியஸ் டைரோ ஆனது அப்படித்தான். தத்துப் போனவர் புதுத் தந்தையின் பெயரை ஏற்று, பழைய குலப்பெயரை '-ஆனஸ்' என்ற ஈற்றோடு வால்போல வைத்துக்கொள்ளலாம். எமிலியஸ் பாவுலஸின் மகன் சிப்பியோ குடும்பத்துக்குத் தத்துப் போய் சிப்பியோ எமிலியானஸ் ஆனார். கி.மு. 202-ல் ஜாமாவில் ஹன்னிபாலை வென்ற சிப்பியோ வேறு. 146-ல் கார்த்தேஜை அழித்த இந்தச் சிப்பியோ வேறு. இரண்டு கேட்டோக்கள், இரண்டு பிளினிகள் உண்டு. ஆளுக்கு ஓர் அட்டை போட்டு முழுப்பெயர், தந்தை, தத்துத் தந்தை, கான்சலாக (ஆண்டுக்கு இருவர் வகிக்கும் உச்சப் பதவி) இருந்த ஆண்டு என நான்கு விவரம் மட்டும் எழுதுங்கள்.

பதவிகளில் நான்கு படிகளைத் தெரிந்துகொண்டால் போதும்: க்வெஸ்டர் (நிதி), ஈடைல் (நகரப் பராமரிப்பு), பிரீட்டர் (நீதி), கான்சல் (தலைமை). சிசரோ காலத்தில் க்வெஸ்டர் ஆகக் குறைந்தது 30 வயது, பிரீட்டருக்கு 39, கான்சலுக்கு 42. ஆண்டுக்கு க்வெஸ்டர்கள் 20 பேர், பிரீட்டர்கள் 8, கான்சல்கள் 2. இந்த எண்களை அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள்: இருபது பேர் நுழையும் பாதையில் இரண்டு பேருக்குத்தான் உச்சியில் இடம். தேர்தல் செலவு, கடன், மாகாணத்தில் சுருட்டுவது, வழக்கு, பகை எல்லாம் இந்தக் குறுகலிலிருந்தே கிளம்புகின்றன. ட்ரிபியூன் பதவி இந்த ஏணிக்குப் பக்கவாட்டில் இருப்பது. ஆண்டுக்குப் பத்துப் பேர். யார் தீர்மானத்தையும் தடுக்கும் உரிமை ஒவ்வொருவருக்கும் உண்டு. கி.மு. 133-ல் டைபீரியஸ் கிராக்கஸ் தன் நிலச் சட்டத்தைத் தடுத்த சக ட்ரிபியூன் ஆக்டேவியஸை வாக்கெடுப்பு நடத்திப் பதவியிலிருந்து இறக்கினார். அது ஏன் அந்த ஊரையே உலுக்கியது என்பது இந்தத் தடையுரிமை தெரிந்தால்தான் புரியும்.

மூலநூலை எப்படிப் படிப்பது

பண்டைய நூல்களைப் பக்க எண்ணால் சுட்டுவதில்லை. 'டாசிடஸ், ஆனல்ஸ் 15.38' என்றால் பதினைந்தாம் புத்தகம், 38-ஆம் அதிகாரம். எந்த மொழிபெயர்ப்பை எடுத்தாலும் இந்த எண் மாறாது. குறிப்பெடுக்கும்போது இதை மட்டும் எழுதுங்கள். பக்க எண் எழுதினால் பதிப்பு மாறியதும் குறிப்பு பயனற்றுப் போகும். லோப் வரிசை நூல்களில் இடப்பக்கம் மூலம், வலப்பக்கம் ஆங்கிலம். சிவப்பு அட்டை லத்தீன், பச்சை அட்டை கிரேக்கம். இணையத்தில் பெர்சியஸ், லாகஸ்கர்ட்டியஸ் ஆகிய தளங்களில் பழைய மொழிபெயர்ப்புகள் இலவசமாகக் கிடைக்கின்றன. அவை பிழையானவை அல்ல. ஆனால் நடை கடினம், சில இடங்களில் ஆபாசத்தை மழுப்பியிருப்பார்கள். ஐயம் வந்தால் இரண்டு மொழிபெயர்ப்புகளை ஒப்பிடுங்கள்.

ஒரு நிகழ்ச்சிக்கு நான்கு பத்தி (நெடுவரிசை) கொண்ட தாள் போடுவது நல்ல பழக்கம்: யார் சொல்கிறார், நிகழ்ச்சிக்கு எத்தனை ஆண்டு கழித்துச் சொல்கிறார், சரியாக என்ன சொல்கிறார், அவருக்கு எப்படித் தெரியும். கி.பி. 64 ஜூலையில் ரோமை எரித்த தீயை இப்படிப் போட்டுப் பார்ப்போம்.

டாசிடஸ் அப்போது சுமார் எட்டு வயதுப் பையன். எழுதியது ஏறக்குறைய அரை நூற்றாண்டு கழித்து. விபத்தா, பேரரசர் நீரோவின் சூழ்ச்சியா என்பது உறுதியில்லை, இரு வகையாகவும் எழுதியிருக்கிறார்கள் என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறார் (15.38). தீப்பற்றியபோது நீரோ ஆன்டியத்தில் இருந்தார், திரும்பி வந்து வீடிழந்தவர்களுக்குத் தன் தோட்டங்களைத் திறந்துவிட்டார், தானிய விலையைக் குறைத்தார், ஆனால் ஊர் எரியும்போது டிராய் அழிவைப் பாடினார் என்ற வதந்தி பரவியதால் அந்த உதவிகள் எதுவும் அவருக்கு நல்ல பெயர் வாங்கித்தரவில்லை (15.39). நகரின் 14 வட்டாரங்களில் மூன்று தரைமட்டம், ஏழில் சிதிலங்கள் மட்டும், நான்கு தப்பின (15.40). சூட்டோனியஸ் தீக்குப் பின்னால் பிறந்தவர். அவரிடம் 'வதந்தி' என்ற சொல்லே இல்லை. நீரோவே தீ வைத்தார், மெசீனஸ் கோபுரத்திலிருந்து பார்த்தபடி மேடை உடையில் பாடினார் என்று நேராக எழுதுகிறார் ('நீரோ' 38). டியோ காசியஸ் எழுதியது சுமார் 150 ஆண்டு கழித்து. அவரிடம் பாடும் இடம் அரண்மனைக் கூரை. அதுவும் நம்மிடம் இருப்பது அவர் எழுதிய முழு நூல் அல்ல. இந்தப் பகுதியைப் பைசாந்தியத் துறவி ஒருவர் பதினோராம் நூற்றாண்டில் செய்த சுருக்கத்தின் வழியாகத்தான் படிக்கிறோம்.

நான்கு பத்திகளையும் நிரப்பிவிட்டு மேலிருந்து கீழே பாருங்கள். காலம் தள்ளத் தள்ள ஐயம் குறைந்து உறுதி கூடுகிறது, வதந்தி நிகழ்ச்சியாகிறது, பாடும் இடம் மாறுகிறது. நீரோ குற்றமற்றவர் என்று இதனால் நிறுவப்படவில்லை. தீ வைத்தார் என்று இந்தச் சான்றுகளை வைத்து நிறுவ முடியாது, அவ்வளவுதான். இப்படி அளந்து சொல்லும் பழக்கம் வந்துவிட்டால் ரோம் வரலாற்றில் எந்தப் பகுதிக்கும் துணிந்து போகலாம்.

சான்றில் உள்ள ஓட்டைகளையும் குறித்துவையுங்கள். லிவி எழுதிய 142 புத்தகங்களில் எஞ்சியவை 35. டாசிடஸின் ஆனல்ஸில் கலிகுலாவின் ஆட்சி முழுவதும் தொலைந்துவிட்டது. கலிகுலா பைத்தியக்காரன் என்ற படிமத்துக்குச் சூட்டோனியஸும் டியோவும் பெரும் பொறுப்பு என்பதற்கு இந்த இழப்பும் ஒரு காரணம். அந்த இடத்தில், அவரை நேரில் தூதராகச் சந்தித்த அலெக்சாண்டிரியாவின் ஃபைலோ எழுதியதை முதலில் எடுங்கள். அவருக்கும் சொந்த வழக்கு உண்டு என்பதை மறக்காமல்.

ஆசிரியர் எதைச் சொல்லாமல் விடுகிறார் என்பதும் சான்றுதான். ரூபிகான் ஆற்றைக் கடந்த புகழ்பெற்ற காட்சியைச் சூட்டோனியஸிலும் புளூடார்க்கிலும் படிக்கலாம். சீசரே எழுதிய உள்நாட்டுப் போர் நூலில் அந்த ஆற்றின் பெயரே வராது. ரவென்னாவில் வீரர்களிடம் பேசினார், அடுத்து அரிமினத்தில் இருந்தார். இரண்டுக்கும் நடுவில் இருந்த சட்ட எல்லையை வாசகர் கவனிக்காமல் போகட்டும் என்று எழுதிய நடை அது.

கல்லும் காசும்

எழுத்தாளர்கள் பெரும்பாலும் மேல்தட்டு ஆண்கள். கல்வெட்டு, நாணயம், பாப்பிரஸ் (எகிப்திய நாணல் தாள்) மூன்றும் அந்த வட்டத்துக்கு வெளியே கொண்டுபோகும். லத்தீன் கல்வெட்டுகளின் பெருந்தொகுப்பு 1853-ல் மோம்சென் தலைமையில் பெர்லினில் தொடங்கியது. கிளவுஸ்–ஸ்லாபி இணையத் தரவுத்தளத்தில் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட கல்வெட்டுகளைத் தேடலாம். அச்சிட்ட கல்வெட்டைப் படிக்க மூன்று குறி தெரிந்தால் போதும். ( ) என்றால் சுருக்கத்தைப் பதிப்பாசிரியர் விரித்திருக்கிறார். [ ] என்றால் கல்லில் அழிந்த பகுதியை அவர் ஊகித்து நிரப்பியிருக்கிறார். [[ ]] என்றால் அந்தக் காலத்திலேயே வேண்டுமென்று செதுக்கி அழித்தது. சதுர அடைப்புக்குள் இருப்பதைச் சான்றாக மேற்கோள் காட்டுவது தொடக்க நிலையில் அடிக்கடி நேரும் தவறு. அது கல் சொன்னதல்ல, அறிஞர் ஊகித்தது. இரட்டைச் சதுரத்துக்குத் தக்க எடுத்துக்காட்டு, ரோம் நகர மன்றத்திலுள்ள (ஃபோரம்) செவரஸ் வளைவு. 211-ல் கராகல்லா தன் தம்பி கெட்டாவைக் கொன்றபின், அந்தப் பெயர் இருந்த இடத்தைச் சுரண்டி வேறு சொற்களை வெட்டினார்கள். பழைய எழுத்துகளைப் பதித்திருந்த துளைகள் இன்றும் தெரிகின்றன.

கல்வெட்டும் நேராகப் பேசாது. பாந்தியன் முகப்பில் 'லூசியஸின் மகன் மார்க்கஸ் அக்ரிப்பா, மூன்றாம் முறை கான்சலாக இருந்தபோது கட்டினார்' என்று பெரிய எழுத்தில் இருக்கிறது. அக்ரிப்பா மூன்றாம் முறை கான்சல் ஆனது கி.மு. 27. அதை நம்பித்தான் அந்தக் கட்டடத்தை நெடுங்காலம் ஆகஸ்டஸ் காலத்தது என்றார்கள். சுவர்ச் செங்கற்களில் இருந்த சூளை முத்திரைகளைப் படித்தபோது அவை கி.பி. 110-களையும் 120-களையும் சேர்ந்தவை என்று தெரிந்தது. அக்ரிப்பா கட்டியது எரிந்துபோனது. இன்றுள்ளதை முடித்த ஹாட்ரியன் பழைய பெயரையே மீண்டும் பொறித்தார். அதற்குக் கீழே சிறிய எழுத்தில், 202-ல் நடந்த பழுதுபார்ப்பைப் பற்றி வேறொரு கல்வெட்டு இருக்கிறது. எழுத்து சொல்லும் காலமும் கட்டுமானம் சொல்லும் காலமும் வேறாக இருக்கலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் கிடையாது.

கல்லும் நூலும் ஒரே நிகழ்ச்சியைச் சொல்லும் அபூர்வ இடமொன்று உண்டு. கால் நாட்டுப் (Gaul, இன்றைய பிரான்ஸ் பகுதி) பெரியவர்களைச் செனட் என்ற ஆட்சி அவையில் சேர்க்கலாம் என்று கி.பி. 48-ல் கிளாடியஸ் ஆற்றிய உரை லியோனில் கிடைத்த வெண்கலத் தகட்டில் இருக்கிறது, அதையே டாசிடஸும் தருகிறார் (ஆனல்ஸ் 11.24). இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படிக்க ஒரு மணி நேரம் போதும். தகட்டில் பேரரசர் பழங்கதைகளுக்குள் அலைகிறார், நடுவில் தன்னைத் தானே பெயர் சொல்லி அழைத்து விஷயத்துக்கு வரச் சொல்கிறார். டாசிடஸில் உரை கச்சிதமாக, வாதம் வாதமாக நடக்கிறது. பண்டைய நூல்களில் வரும் உரைகளை எப்படி எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதற்கு இந்த ஒரு பயிற்சி போதும்.

நாணயத்தில் முதலில் பட்டங்களைப் படியுங்கள். காலம் அதில்தான் இருக்கிறது. கான்சல் எண் முக்கியம். டிராஜன் ஐந்தாம் முறை கான்சல் ஆனது 103, ஆறாம் முறை 112. ஆகவே காசில் 'கான்சல் 5' என்று இருந்தால் அது 103-க்கும் 111-க்கும் இடையில் அடித்தது. ட்ரிபியூன் அதிகாரத்தின் எண் ஆண்டுக்கொரு முறை ஏறும். அது இருந்தால் இன்னும் குறுக்கலாம். படத்தை அதற்குப் பின் பாருங்கள். ஆட்சியாளர் மக்கள் பார்க்க விரும்பியதைத்தான் காசு காட்டுகிறது. வெற்றி தெய்வத்தின் உருவம் இருப்பதால் வெற்றி கிடைத்தது என்று ஆகிவிடாது. எடையும் வெள்ளி அளவும் வேறு கதை சொல்லும்: ஒரு ரோமானியப் பவுண்டு எடையிலிருந்து 84 டெனாரியஸ் அடித்த நிலையை மாற்றி நீரோ 64-ல் 96 ஆக்கினார், வெள்ளியின் தூய்மையையும் குறைத்தார். 260-களின் முடிவில் வெள்ளிக் காசு என்று புழங்கியதில் வெள்ளி நூற்றுக்கு ஐந்துகூட இல்லை.

தொகைகளை எடைபோடுவது

ஆகஸ்டஸ் முறையில் 1 ஔரியஸ் = 25 டெனாரியஸ்; 1 டெனாரியஸ் = 4 செஸ்டர்ஷியஸ்; 1 செஸ்டர்ஷியஸ் = 4 ஆஸ். இன்றைய பணத்துக்கு மாற்றிப் பார்க்காதீர்கள். அந்த மாற்று எண் எப்போதும் பொய் சொல்லும். அந்தக் காலத்துத் தொகைகளோடே ஒப்பிடுங்கள். சாதாரணப் படைவீரரின் ஆண்டுச் சம்பளம் ஆகஸ்டஸ் காலத்தில் 900 செஸ்டர்ஷியஸ், டொமிஷியனுக்குப் பின் 1,200. குதிரை வீரர் வகுப்பில் இருக்க வேண்டிய சொத்து 4 லட்சம், செனட்டருக்கு 10 லட்சம்.

இதை வைத்து ஒரு கணக்கு. மூத்த பிளினி இந்தியாவுக்கு ஆண்டுக்கு 5 கோடி செஸ்டர்ஷியஸ் போகிறது என்று ஓரிடத்தில் சொல்கிறார் (6.101), இன்னோரிடத்தில் 10 கோடி என்கிறார் (12.84). முரண் என்று பலர் எழுதுவார்கள். பின்னதில் இந்தியா, சீனா, அரேபியா மூன்றையும் சேர்த்துச் சொல்கிறார். எதைக் கூட்டியிருக்கிறார் என்று பார்க்காததால் வந்த முரண் அது. ஆடம்பரத்தைக் கண்டிக்கும் இடத்தில் வரும் எண்கள் என்பதால் இரண்டையும் அப்படியே ஏற்பது ஆபத்து. சோதித்துப் பார்க்க வியன்னாவில் இருக்கும் முசிறி பாப்பிரஸ் உதவும். இரண்டாம் நூற்றாண்டின் நடுவில் எழுதிய வணிகக் கடன் ஆவணம் அது. முசிறியிலிருந்து வந்த 'ஹெர்மாபோலன்' என்ற ஒரே கப்பலின் சரக்கு மதிப்பு அதில் சுமார் 70 லட்சம் செஸ்டர்ஷியஸ். சுங்கம் நான்கில் ஒரு பங்கு. 70 லட்சத்தை 1,200 ஆல் வகுத்தால் 5,800-க்கு மேல் வருகிறது. சுமார் 5,000 பேர் கொண்ட ஒரு லெஜியனுக்கு முழு ஆண்டு அடிப்படைச் சம்பளம் கொடுத்து மிச்சமும் இருக்கும். ஒரு கப்பலுக்கே இவ்வளவு என்றால், பிளினியின் எண்ணைக் கற்பனை என்று தள்ளிவிட முடியாது. ஆனால் பாப்பிரஸில் இருப்பது எகிப்தில் மதிப்பிட்ட விலை, பிளினி சொல்வது வெளியே போன பணம். இரண்டும் ஒன்றல்ல என்பதையும் குறிப்பில் எழுதிவையுங்கள்.

கல்லறைக் கல்வெட்டிலிருக்கும் வயதுகளைக் கூட்டிச் சராசரி ஆயுள் கண்டுபிடிப்பது இன்னொரு பொறி. கல் வைக்க வசதி இருந்தவர்கள் யார், யாருக்கு வைத்தார்கள் என்பது ஊருக்கு ஊர் மாறும். வயதை ஐந்தின் மடங்காகச் சொல்லும் வழக்கமும் இருந்தது. மக்கள்தொகைக்கு நம்பகமானவை எகிப்தில் பதினான்கு ஆண்டுக்கொரு முறை எடுத்த குடிக்கணக்குப் படிவங்கள். ஆனால் அவை எகிப்துக்குத்தான் பொருந்தும்.

எளிய மனிதர்களை நெருங்கிப் பார்க்க, பிரிட்டனின் வடக்கே விண்டோலாண்டா கோட்டையில் 1973 முதல் கிடைத்துவரும் மெல்லிய மரத்தகடுகளைத் தவறவிடாதீர்கள். கி.பி. 100 வாக்கில் கிளாடியா செவெரா என்ற பெண், கோட்டைத் தளபதியின் மனைவி சல்பிசியா லெபிடினாவைத் தன் பிறந்தநாளுக்கு அழைத்து எழுதிய மடல் அவற்றில் ஒன்று. நாள், 'செப்டம்பர் 13-க்கு முன் மூன்றாம் நாள்'. மேலே சொன்ன முறையில் எண்ணினால் 11. மடலின் பெரும்பகுதியை எழுத்தர் எழுதியிருக்கிறார். கடைசிச் சில வரிகள் வேறு கையெழுத்தில், அவளே எழுதியவை. பெண் ஒருத்தி லத்தீனில் எழுதிய கையெழுத்துகளில் நமக்குக் கிடைத்த மிகப் பழையவற்றுள் ஒன்று அது.

24 வாரத் திட்டம்

வாரம் ஐந்து மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் மூன்று வாரம் ஒரே ஒரு பொது வரலாற்று நூல், கூடவே காலவரிசைத் தாள். நூலைத் தேர்ந்தெடுக்கும்போது அடிக்குறிப்புகளைத் திறந்து பாருங்கள். பண்டைய நூல்களின் அதிகார எண்கள் இல்லாத நூல் உங்களை எங்கும் கொண்டுபோகாது. 4, 5 ஆம் வாரம் புளூடார்க் எழுதிய கிராக்கஸ் சகோதரர் வரலாறும் அப்பியனின் உள்நாட்டுப் போர்கள் முதல் புத்தகத்தில் 7 முதல் 26 வரையும். இருவருமே நிகழ்ச்சிக்கு இரண்டு நூற்றாண்டுக்குப் பிந்தியவர்கள். எங்கே பிரிகிறார்கள் என்று பட்டியலிடுங்கள். 6 முதல் 8 வரை சல்லஸ்டின் கேட்டிலின், 61 அதிகாரம். கூடவே சிசரோவின் முதல் கேட்டிலின் உரை. 9 முதல் 12 வரை சீசரின் உள்நாட்டுப் போர் முதல் புத்தகம். அதே வாரங்களில் கி.மு. 49 தொடக்க மாதங்களில் சிசரோ தன் நண்பர் அட்டிக்கஸுக்கு எழுதிய கடிதங்கள் (7 முதல் 9 வரையிலான புத்தகங்கள்). சீசர் எல்லாம் முடிந்தபின் எழுதுகிறார். சிசரோவுக்கு நாளை என்ன நடக்கும் என்றே தெரியாது. அந்த வேறுபாட்டை உணர இந்த நான்கு வாரமும் வேண்டும், அவசரப்படாதீர்கள்.

13, 14-ல் ஆகஸ்டஸின் சாதனைப் பட்டியல், 35 சிறு அதிகாரங்கள். உடனே டாசிடஸ் ஆனல்ஸ் 1.1 முதல் 1.10 வரை. ஆகஸ்டஸ் சொல்லும் ஒவ்வொரு நற்செயலுக்கும் டாசிடஸ் காட்டும் மறுபக்கத்தை எதிரெதிரே எழுதுங்கள். 15 முதல் 17 வரை சூட்டோனியஸின் ஆகஸ்டஸ், 101 அதிகாரம். அவர் ஆண்டு வரிசையில் எழுதுவதில்லை, தலைப்பு வாரியாக எழுதுகிறார்; அடுத்தடுத்த வரிகள் அடுத்தடுத்த நிகழ்ச்சிகள் என்று எடுத்துக்கொண்டால் காலம் குழம்பிவிடும். 18 முதல் 20 வரை கல்வெட்டு பத்து, நாணயம் பத்து. அதோடு இளைய பிளினியின் பத்தாம் புத்தகம், 121 கடிதங்கள்: மாகாண ஆளுநர் பேரரசரிடம் எதற்கெல்லாம் அனுமதி கேட்கிறார், எதைக் கேட்காமலே முடிக்கிறார் என்று பாருங்கள்.

கடைசி நான்கு வாரம் ஒரே கட்டுரை, ஆயிரம் சொல்லுக்குள். கேள்வி சிறிதாக இருக்கட்டும். 'ரோம் ஏன் வீழ்ந்தது' என்பது ஆயிரம் சொல்லில் அடங்காது, ஆயுளிலும் அடங்காது. ஈய நஞ்சு, ஒழுக்கச் சீரழிவு என்று ஒற்றைக் காரணத்தைக் கையில் எடுத்துக்கொண்டு வருபவரிடம், அதே காரணம் இருந்தும் கிழக்குப் பாதி 1453 வரை ஏன் நின்றது என்று கேட்டாலே போதும். 'ஆக்டேவியஸைப் பதவியிறக்கியதை அப்பியனும் புளூடார்க்கும் எப்படி வேறுபடச் சொல்கிறார்கள்' என்பது சரியான அளவு. ஒவ்வொரு கூற்றுக்கும் அதிகார எண் இருக்க வேண்டும். எழுதி முடித்தபின் சொற்களைச் சரிபாருங்கள்: ஜூலியஸ் சீசரைப் பேரரசர் என்று எழுதியிருந்தால் அடித்துவிட்டுச் சர்வாதிகாரி என்று திருத்துங்கள், பேரரசர் வரிசை ஆகஸ்டஸில்தான் தொடங்குகிறது. ஆனால் ரோமுக்குக் கடல்கடந்த மாகாணங்கள் அதற்கு இரண்டு நூற்றாண்டு முன்பே, சிசிலியோடு வந்துவிட்டன. 'ரோமானியர்' என்று எழுதிய இடத்திலெல்லாம் யாரைச் சொல்கிறீர்கள் என்று பாருங்கள். நகரத்தாரா, குடியுரிமை பெற்றவரா, செனட்டரா. டிராஜன் ஸ்பெயினின் இட்டாலிகாவைச் சேர்ந்தவர், செப்டிமியஸ் செவரஸ் ஆப்பிரிக்காவின் லெப்டிஸ் மாக்னாவில் பிறந்தவர்.

இடங்களுக்கு பிளேயடெஸ் தளமும், பயணக் காலத்துக்கு ஸ்டான்ஃபோர்டின் ஆர்பிஸும் கைவசம் இருக்கட்டும். ஆர்பிஸில் ஒரே வழியை ஜூலைக்கும் ஜனவரிக்கும் போட்டுப் பாருங்கள். குளிர்காலத்தில் கடல்வழி எப்படிச் சுருங்குகிறது, மாகாணத்துச் செய்தி தலைநகருக்கு வர ஏன் வாரக்கணக்காகிறது என்பது வரைபடத்திலேயே தெரியும். லத்தீன் கற்பதை இந்த ஆறு மாதம் தள்ளிப்போடலாம். கல்லறைக் கற்களுக்கு வேண்டிய சுருக்கங்கள் முப்பது, நாற்பது இருந்தால் போதும். அவற்றை 18-ஆம் வாரத்தில் கற்களைப் படித்தபடியே கற்றுக்கொள்ளலாம். அதற்குப் பின்னும் ஆர்வம் குறையவில்லை என்றால் இலக்கணத்தைத் தொடங்குங்கள். முதல் பாடநூலாக சீசரின் உரைநடை எடுத்துக்கொள்ளுங்கள். டாசிடஸை அதற்கு அடுத்த ஆண்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.